ஸ்பைடர்மேன் திரைப்படங்களை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

நடுப்பக்கம் (கேள்வி):

2002-இல் சாம் ரெய்மி இயக்கிய முதல் படம் தொடங்கி 2021-இல் ஜான் வாட்ஸ் இயக்கிய 'நோ வே ஹோம்' வரை, பீட்டர் பார்க்கரை நாயகனாகக் கொண்ட எட்டுப் படங்களையும், மைல்ஸ் மொராலெஸை நாயகனாகக் கொண்ட இரண்டு அனிமேஷன் படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே மறுபடியும் பார்த்து முடித்தேன். பார்த்தவுடன் இவற்றை ஒப்பிட்டு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எங்கே போனாலும் பேச்சு டோபி மெக்வயரா, ஆண்ட்ரூ கார்ஃபீல்டா, டாம் ஹாலண்டா என்பதிலேயே சுற்றிச்சுற்றி வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதில், பெரும்பாலும் அவர் பன்னிரண்டு வயதில் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பதைத்தான் காட்டுகிறது. அதனால் நடிகர்களை ஒதுக்கிவிட்டு வேறோர் அளவுகோலைத் தேடினேன்.

எனக்குக் கிடைத்தது மூலக்கதை. 1962-இல் 'அமேசிங் ஃபேன்டஸி' இதழின் 15-ஆம் எண்ணில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த அந்தக் கதை மொத்தம் 11 பக்கங்கள்தான். ஆற்றல் கிடைத்த சிறுவன் ஒருவன் அதைக் காட்டிப் பணமும் புகழும் தேடுகிறான். தன் கண்ணெதிரே ஓடும் திருடனைத் தடுக்க முடிந்தும் தடுக்காமல் விடுகிறான். அதே திருடன் அவனை வளர்த்த பென் மாமாவைக் கொன்றுவிடுகிறான். பேராற்றலோடு பெரும்பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற புகழ்பெற்ற வாசகம் அங்கே எந்தப் பாத்திரத்தின் வாயிலிருந்தும் வருவதில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குறிப்பாக மட்டும் வருகிறது.

இதை வைத்து அளந்தால் ரெய்மி முதலிடம் பெறுகிறார். மார்க் வெப் 2012-இல் இதே நிகழ்வை மாற்றி எடுத்ததால் இரண்டாமிடம். பென் மாமாவைக் கண்ணிலேயே காட்டாத வாட்ஸுக்குக் கடைசி இடம். கணக்கு சரியாக வருகிறது, மனம்தான் ஒப்பவில்லை. ஏனென்றால் இந்தப் பத்துப் படங்களிலும் என்னை இருக்கை நுனிக்குக் கொண்டுவந்த காட்சி, வாட்ஸின் 'ஹோம்கமிங்' படத்தில் காருக்குள் நடக்கும் அந்த உரையாடல்தான். அளவுகோல் தவறா, என் ரசனை தவறா? தெளிவுபடுத்த முடிந்தவர்கள் எழுதுங்கள்.

மூன்றாம் வரிசை (பதில்):

உங்கள் அளவுகோலில் குறையில்லை. அதை வைத்து அளக்கும் இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. மாமா சாகும் காட்சியைத் தேர்ந்த இயக்குநர் எவரும் உருக்கமாக எடுத்துவிடுவார். அந்தச் சாவுக்குக் காரணமான தவறை நாயகன் அதற்குப் பிறகு எங்கே சுமக்கிறான், யாரிடம் ஒப்புக்கொள்கிறான், ஒப்புக்கொண்டதற்கு என்ன விலை கொடுக்கிறான் என்பதில்தான் படங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன.

முதலில் தவறையே பார்ப்போம். 2002 படத்தில் மல்யுத்த மேடையில் 3 நிமிடம் தாக்குப்பிடித்தால் 3,000 டாலர் என்று அறிவிக்கிறார்கள். பீட்டர் 2 நிமிடத்தில் எதிராளியை வீழ்த்திவிட, அதையே சாக்காக வைத்து அமைப்பாளர் 100 டாலரை நீட்டுகிறார். தனக்குப் பணம் எவ்வளவு தேவை என்று பீட்டர் சொல்லும்போது, அது எப்படித் தன் பிரச்சினையாகும் என்று அவர் கேட்கிறார். சற்று நேரத்தில் அதே அமைப்பாளரின் பணத்தைத் திருடன் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் பீட்டர், அவர் சொன்ன சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறான். ரெய்மியின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. அந்த நொடியில் பார்வையாளர்களாகிய நாமும் 'நன்றாகக் கேட்டான்' என்று மகிழ்ந்துவிடுகிறோம். பீட்டரின் தவறில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. பிறகு தெருவில் மாமா கிடக்கும்போது அவனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர முடிவதில்லை.

ஆயினும் ரெய்மியை முதலிடத்தில் வைப்பதற்கு எனக்குக் காரணம் இதுவன்று, 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தில் மேசையருகே நடக்கும் ஒரு சிறிய காட்சி. அன்று நூலகத்துக்குத் தான் போகவே இல்லை என்றும், கார் வாங்கப் பணம் தேடிப் போனதாகவும், ஏமாற்றிய ஆளைப் பழிவாங்கத் திருடனை விட்டுவிட்டதாகவும் பீட்டர் மே அத்தையிடம் சொல்கிறான். தானே ஸ்பைடர்மேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. அதாவது தன்னைப் பெரியவனாகக் காட்டும் பாதியை மறைத்துக்கொண்டு, சிறியவனாகக் காட்டும் பாதியை முழுக்க எடுத்து வைக்கிறான். ஆறுதலுக்காக அவன் பற்றியிருக்கும் கையை அத்தை மெல்ல விலக்கிக்கொள்கிறார். ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். ரோஸ்மேரி ஹாரிஸ் அந்தக் கையை விலக்கும் வேகத்தைக் கவனியுங்கள். அதில் வெறுப்பு இல்லை, மன்னிப்பும் இல்லை. பின்னணி இசையைக் கூட்டி நம்மை அழவைக்க எளிதில் முடிந்திருக்கும் இடம் அது. ரெய்மி அந்த வேலையைச் செய்யவில்லை.

இன்னொன்று, வலை. மூலக்கதையில் பீட்டர் வலை வீசும் கருவியைத் தானே செய்துகொள்கிறான். ரெய்மியின் படங்களில் வலை அவன் மணிக்கட்டிலிருந்தே சுரக்கிறது. 1990-களில் ஜேம்ஸ் கேமரான் எழுதி, படமாகாமல் போன வரைவிலிருந்து தொடரும் யோசனை அது. அறிவாளிச் சிறுவனின் திறமையைப் பறித்துவிட்டார்கள் என்று காமிக்ஸ் வாசகர்கள் அன்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் வலை உடலுக்குள் இருப்பதால்தான், இரண்டாம் படத்தில் பீட்டரின் மனம் தளரும்போது வலையும் வர மறுக்கிறது. கட்டடத்திலிருந்து பொத்தென்று விழுகிறான். கருவியாக இருந்திருந்தால் அது வெறும் பழுது, குப்பியை மாற்றினால் தீர்ந்தது. இந்தத் தொடரில் மட்டும் அது அவன் உடல் தரும் வாக்குமூலமாகிவிடுகிறது.

ரெய்மியையே மறுத்தும் ஒன்று சொல்ல வேண்டும். 2007-இல் வந்த மூன்றாம் படத்தில், மாமாவைச் சுட்டவன் உண்மையில் ஃபிளின்ட் மார்கோ என்று கதையை மாற்றினார்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்காகச் செய்த மாற்றம் அது என்பது புரிகிறது. ஆனால் பீட்டர் தப்பவிட்ட ஆளும் சுட்ட ஆளும் வேறுவேறு என்றானபோது அந்தத் தவறின் கூர்மை மழுங்கிப்போனது. இரண்டு படங்களாகக் கட்டியதைத் தங்கள் கையாலேயே பாதி இடித்துவிட்டார்கள்.

சிற்றெறும்பு (பதில்):

மார்க் வெப்புக்காகப் பேச ஒருவராவது வேண்டும். 2012 படத்தில் கடைக்காரரிடம் இரண்டு சென்ட் குறைந்ததற்காகக் கோபித்துக்கொண்டு பீட்டர் திருடனைப் போகவிடுகிறான் என்பதையும், அந்தத் திருடனைத் தேடும் கதை பாதியில் கைவிடப்பட்டது என்பதையும் எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். ஆனால் வெப்பின் இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால், பீட்டரின் உண்மையான தவறு அந்தக் கடையில் நடக்கவே இல்லை. சாகும் தறுவாயில் காவல்துறைத் தலைவர் ஜார்ஜ் ஸ்டேசி, தன் மகள் குவெனை இந்த ஆபத்திலிருந்து விலக்கி வைக்குமாறு அவனிடம் உறுதி வாங்குகிறார். அவன் வாக்குக் கொடுக்கிறான். படம் முடிவதற்குள்ளேயே, காப்பாற்ற முடியாத வாக்குகள்தாம் சிறந்தவை என்று வகுப்பறையில் முணுமுணுத்துச் சிரிக்கிறான். காதல் படத்தின் இனிய முடிவுபோல் அன்று தோன்றிய அந்தச் சிரிப்புக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 படத்தின் மணிக்கூண்டில் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

குவென் ஸ்டேசியின் மரணம் காமிக்ஸில் 1973-இல், 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழில் நிகழ்ந்தது. அங்கேயும் வலை அவளைப் பிடிக்கிறது. பிடித்த வேகத்திலேயே கழுத்து முறிகிறது. படத்தில் வலை நீளும்போது அதன் நுனி விரிந்து ஒரு கையைப்போல் ஆகிறது. பிடித்தும்விடுகிறது, ஆனால் ஒரு நொடி பிந்திவிடுகிறது. கார்ஃபீல்ட் அவளை மடியில் ஏந்திக்கொண்டு எழுப்பப் பார்க்கும் அந்தக் காட்சியில் வீரநாயகனின் சாயல் சிறிதும் இல்லை. காதலியின் அப்பா சொன்னதைக் கேட்காத ஒரு பையன்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். மூன்று தொடர்களின் பீட்டர்களும் ஒன்றுசேரும் 'நோ வே ஹோம்' படத்தில், வாட்ஸின் பீட்டருடைய காதலி எம்ஜே விழும்போது அவளைப் பிடிப்பவன் இந்தப் பீட்டர்தான். பிடித்து இறக்கியபின் அழுகை முட்டிக்கொண்டு நிற்கும் அவன் முகம், வெப்பின் தொடருக்கு எடுக்கப்படாமலே போன மூன்றாம் படம் என்று எனக்குத் தோன்றும்.

இந்தத் தொடரின் பெருங்குறை வேறு இடத்தில் இருக்கிறது. பீட்டரின் தந்தை ரிச்சர்ட் பார்க்கர் தன் மரபணுவையே அந்தச் சிலந்திகளில் பயன்படுத்தினார் என்றும், எனவே வேறு எவரைக் கடித்திருந்தாலும் இந்த ஆற்றல் வந்திருக்காது என்றும் 2014 படம் விளக்குகிறது. யாருக்கு வேண்டுமானாலும் நேர்ந்திருக்கக்கூடிய விபத்து ஒன்றைக் குலச்சொத்தாக மாற்றிவிட்டார்கள். மின்சார வில்லன், நிறுவனத்தின் சதி, அடுத்தடுத்த படங்களுக்கான முன்னோட்டங்கள் என்று திணித்தவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஓரக்குறிப்பு (பதில்):

இழையின் போக்கைக் கெடுக்காமல் ஒரு சிறு செய்தி மட்டும். 1978-இல் ஜப்பானின் தோயெய் நிறுவனம் எடுத்த ஸ்பைடர்மேன் தொலைக்காட்சித் தொடரில் பீட்டரும் கிடையாது, பென் மாமாவும் கிடையாது. நாயகன் தகுயா யமாஷிரோ என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரன். ஆற்றலை அவனுக்குத் தருபவர் வேற்றுக்கோள்வாசி ஒருவர். துணைக்கு லியோபார்டான் என்ற மாபெரும் ரோபோ. குற்றவுணர்வு இல்லாத இடத்தில், தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் கதை வந்து அமர்ந்துகொள்கிறது. உடையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க அது மிகவும் சுவையாகவும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

காலணா (பதில்):

நீங்கள் அனைவரும் மரணங்களையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். 1962 கதையில் அந்தச் சிறுவன் முதலில் தேடிப் போனது பணத்தை என்பதை நடுப்பக்கம் அவர்களே குறிப்பிட்டுவிட்டு, பிறகு அதை மறந்துவிட்டார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கையிருப்பு இல்லாமல் வாழும் ஒரு வீட்டுப் பிள்ளை அவன். ரெய்மியின் இரண்டாம் படம் பீட்ஸா விநியோக வேலை பறிபோவதில் தொடங்குகிறது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்குகிறார். தன்னைத் திட்டி எழுதும் பத்திரிகைக்கே தன் படங்களை விற்றுத்தான் பீட்டர் சாப்பிடுகிறான். வறுமையை இவ்வளவு வேடிக்கையாகவும் இவ்வளவு கறாராகவும் காட்டிய சூப்பர்ஹீரோ படம் அதற்குப்பின் வரவில்லை என்பது என் எண்ணம்.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் வாட்ஸின் படங்கள் முதல் பார்வையில் தோற்றுப்போகின்றன. டாம் ஹாலண்டின் பீட்டருக்குக் கோடீஸ்வரர் டோனி ஸ்டார்க் உடை தருகிறார். பேசும் உடை, பாராசூட் உள்ள உடை. 2015-இல் சோனியும் மார்வெல் ஸ்டூடியோஸும் செய்துகொண்ட உடன்பாட்டால்தான் இந்தப் பாத்திரம் மார்வெல் படங்களின் பெரிய குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் பணக்கார உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பையனைப்போல் ஆகிவிட்டது. ஆனால் 'ஹோம்கமிங்' இதை அறியாமல் செய்யவில்லை. அதன் வில்லனைப் பாருங்கள். ஏட்ரியன் டூம்ஸ் இடிபாடுகளை அகற்றும் ஒப்பந்தக்காரர். கடன் வாங்கி வண்டிகளும் ஆட்களும் சேர்த்த பிறகு, அரசும் ஸ்டார்க்கும் சேர்ந்து அமைத்த துறை ஒன்று வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. ரெய்மியின் பீட்டர் நின்ற இடத்தில் இங்கே வில்லன் நிற்கிறார். பெரிய மனிதர்களின் செல்லப்பிள்ளையாக நாயகன் நிற்கிறான்.

அதனால்தான் அந்தக் கார்க் காட்சி உங்களை அப்படிப் பிடித்துக்கொண்டது, நடுப்பக்கம். தன் மகள் லிஸ்ஸை நடனத்துக்கு அழைத்துப்போக வந்த பையன் யார் என்பது, போக்குவரத்து விளக்கின் சிவப்பொளியில் நிற்கும்போது கண்ணாடி வழியே டூம்ஸுக்குப் புலப்படுகிறது. மைக்கேல் கீட்டன் குரலை உயர்த்துவதே இல்லை. மகளின் உயிரைக் காத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, இன்று இரவு குறுக்கே வந்தால் உன்னையும் உன் சொந்தங்களையும் கொன்றுவிடுவேன் என்கிறார். இரண்டையும் மனதாரவே சொல்கிறார். குடும்பத்துக்காக எதையும் செய்வேன் என்ற ஒரே வாக்கியத்திலிருந்துதான் நன்றியும் மிரட்டலும் பிறக்கின்றன. அந்தப் பையன் காரிலிருந்து இறங்கி நடனக் கூடத்துக்குள் போகிறான், அந்தப் பெண்ணைப் பார்க்கிறான், மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வருகிறான். திருடனைப் போகவிட எல்லா வசதியும் இருந்தும் அவன் விடவில்லை. 1962 கதையின் தேர்வு அப்படியே திரும்ப வருகிறது, விடை மட்டும் மாறியிருக்கிறது. பிறகு கான்கிரீட் இடிபாடுகளுக்கடியில் அவன் முதலில் உதவிக்காகக் கத்தி அழுவதும், யாரும் வராததால் தானே தூக்கி எழுவதும், டிட்கோ 1966-இல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33-ஆம் இதழுக்கு வரைந்த பக்கங்களிலிருந்து வந்தவை. ஸ்டார்க்கின் உடை அப்போது அவன் மேல் இல்லை.

'நோ வே ஹோம்' பற்றியும் ஒரு சொல். அங்கே மே அத்தை இறப்பதை, பென் மாமாவின் இடத்தை நிரப்பும் ஏற்பாடாக மட்டும் பலர் பார்க்கிறார்கள். வேறுபாட்டைக் கவனியுங்கள். மூலக்கதையில் பொறுப்பைத் தட்டிக்கழித்ததால் மாமா சாகிறார். இங்கே, வேற்றுலகங்களிலிருந்து வந்த வில்லன்களைச் சாவுக்குத் திருப்பி அனுப்பாமல் குணப்படுத்த வேண்டும் என்று அத்தை வற்புறுத்துகிறார். பீட்டர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொண்டதால்தான் அந்த வில்லன்களில் ஒருவனான கிரீன் காப்ளின் கையில் அத்தை சாகிறார். சரியானதைச் செய்தும் இழப்பு வருகிறது. அந்தப் பழைய வாசகத்தை அத்தை சாகும் தறுவாயில்தான் சொல்கிறார். இப்படிப்பட்ட நிலையில் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். படத்தின் இறுதியில் அவன் ஒரு சிறு வாடகை அறைக்குக் குடிவருகிறான். பள்ளிச் சான்றிதழுக்கு இணையான தேர்வுக்குப் படிக்கும் புத்தகம் இருக்கிறது. தையல் எந்திரத்தில் தானே தைத்த உடை இருக்கிறது. மூன்று படங்கள் சுற்றிவந்து கடைசியில்தான் ரெய்மியின் பீட்டர் தொடங்கிய அறைக்கு இவன் வந்து சேர்கிறான்.

கரிக்கோடு (பதில்):

ஓவியம் வரைபவன் என்ற முறையில் அனிமேஷன் படங்களைப் பற்றிச் சொல்ல எனக்குச் சற்று அதிகம் உண்டு. ஆனால் இரண்டே செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலாவது, அசைவு. திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. 2018-இல் வந்த 'இன்டூ தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் மைல்ஸின் தோற்றத்தைப் பல இடங்களில் இரண்டு சட்டகங்களுக்கு ஒரு முறைதான் மாற்றுகிறார்கள். காட்டுக்குள் அவன் முதன்முதலாக வலையில் ஊசலாடக் கற்கும்போது, பக்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட பீட்டர் ஒவ்வொரு சட்டகத்திலும் வழுக்கிக்கொண்டு போகிறார். மைல்ஸ் நொடிக்கு 12 தோற்றங்களோடு திக்கித்திக்கிப் போகிறான். யாரும் வாய்திறந்து சொல்லாமலேயே, ஒருவனுக்குக் கை வந்திருக்கிறது, மற்றவனுக்கு வரவில்லை என்பது கண்ணுக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு அவன் உயரமான கட்டடத்திலிருந்து குதிக்கும்போது கால் கண்ணாடியை விட்டுவிடுகிறது, விரல்கள் விடுவதில்லை. ஒட்டிய விரல்களோடு கண்ணாடியும் பெயர்ந்து வருகிறது. பயம் போனபின் குதிக்கவில்லை, பயத்தோடேயே குதிக்கிறான். காட்சியைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பதால், அவன் கீழே விழுவது நகரத்துக்குள் மேலெழுவதைப்போல் தெரிகிறது. நடிகரைக் கயிற்றில் தொங்கவிட்டு எடுக்கும் எந்தப் படத்திலும் இவ்வளவு சிக்கனமாக ஒரு மனநிலையைச் சொல்ல முடிந்ததில்லை.

இரண்டாவது, உங்கள் அளவுகோல். மைல்ஸிடம் அது செல்லாது. அவன் சித்தப்பா ஏரன் இறப்பது மைல்ஸ் எதையும் தட்டிக்கழித்ததால் அன்று. முகமூடிக்குள் இருப்பது அண்ணன் மகன் என்று அறிந்து கொல்ல மறுத்ததால் ஏரன் சுடப்படுகிறார். 2023-இல் வந்த 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' இன்னும் ஒருபடி மேலே போகிறது. எண்ணற்ற உலகங்களின் ஸ்பைடர்மேன்களை ஒன்றுதிரட்டி வைத்திருக்கும் மிகெல் ஓஹாரா, ஒவ்வொருவர் வாழ்விலும் சில இழப்புகள் நிகழ்ந்தே தீர வேண்டும், நிகழாவிட்டால் அந்த உலகமே குலைந்துவிடும் என்கிறான். மைல்ஸின் தந்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். மாமா சாகவில்லை என்றால் அது ஸ்பைடர்மேன் கதையே அன்று என்று சொல்லும் நடுப்பக்கம் அவர்களுக்கும் மிகெலுக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. உங்கள் அளவுகோலையே வில்லனுக்கு அருகில் நிறுத்தி வைத்து ஒரு படம் எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் வரிசை (பதில்):

கரிக்கோடு அவர்களின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனாலும் ஒரு திருத்தம். மிகெல் எண்ணுவது மரணங்களை. 1962 கதை எண்ணியது தவறை. மைல்ஸைக் கடித்த சிலந்தி வேறோர் உலகத்திலிருந்து வந்தது என்பதற்காக, அவன் ஸ்பைடர்மேன் ஆகியிருக்கவே கூடாது என்று அவன்மேல் பழி போடுகிறான் மிகெல். அது மைல்ஸ் செய்த தவறே அன்று, அவனுக்கு நேர்ந்தது. செய்த தவறையும் நேர்ந்த விபத்தையும் மிகெல் குழப்பிக்கொள்கிறான். அந்தக் குழப்பத்தை ரெய்மியின் பீட்டரும் செய்யவில்லை, சிற்றெறும்பு சொன்ன வெப்பின் பீட்டரும் செய்யவில்லை. எனவே அளவுகோலை முறித்துப் போட வேண்டியதில்லை. யார் இறந்தார் என்பதை விட்டுவிட்டு யாரை ஏமாற்றினான் என்று கேட்டால் போதும்.

நடுப்பக்கம் (பதில்):

அனைவருக்கும் நன்றி. மிகெலோடு என்னை ஒப்பிட்டதில் முதலில் சற்றுச் சினம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பென் மாமாவின் மரணம் இருக்கிறதா என்று ஒவ்வொரு படத்திலும் குறிபோட்டுக்கொண்டு போனவன் நான்தான் என்பதை மறுக்க முடியாது.

யாரை ஏமாற்றினான் என்ற கேள்வியோடு வரிசையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரெய்மியின் இரண்டாம் படம் முதலிடத்திலிருந்து அசையவில்லை. 'நோ வே ஹோம்' கடைசியிலிருந்து அதற்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. வெப்பின் 2014 படத்தில் மணிக்கூண்டுக் காட்சியை மட்டும் தனியே எடுத்து மேலே வைக்க மனம் விரும்புகிறது. மீதிப் படம் விடமாட்டேன் என்கிறது. அனிமேஷன் படங்களை இந்த வரிசையில் சேர்க்காமல் தனியே வைத்திருக்கிறேன், கரிக்கோடு அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். காலணா சொன்ன பணக் கணக்கு, இத்தனை முறை பார்த்தும் என் கண்ணில் படாமலே போனது எனக்கே வியப்பாக இருக்கிறது.

மூன்றாம் வரிசை சொன்ன மேசைக் காட்சியைப் பார்த்த கையோடு 'நோ வே ஹோம்' படத்தின் இறுதியையும் நேற்று இரவு பார்த்தேன். ஒரு மந்திரத்தால் உலகமே அவனை மறந்துவிட்டது. எம்ஜே வேலை செய்யும் காபிக் கடைக்கு, அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறான். பேச வாயெடுக்கும் நேரத்தில் அவள் நெற்றியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி கண்ணில் படுகிறது. முன்னே அந்தப் பீட்டர் எல்லாவற்றையும் சொல்ல அத்தையின் கை விலகியது. இங்கே இவன் ஒன்றும் சொல்லாமல் காபியை வாங்கிக்கொள்கிறான். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு, எவன் தன் அத்தையின் பிள்ளையாக நடந்துகொண்டான் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை அவன் கடைசிவரை பிரித்துப் படிக்கவே இல்லை.